படகுக்கு பிரேக் உண்டா என்று சுவர் கேட்கிறது

பிப்ரவரி 4

மாண்புமிகு பாய்மரப் படகின் கேப்டன் சமூகத்திற்கு,

நாலு மில்லும் நாற்பது லாரியும் வைத்திருக்கும் தொழிலதிபர் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல். ஓட்டுகிற ஆள், சமைக்கிற ஆள் சகிதம் உங்கள் படகை மூன்று நாள் வாடகைக்கு எடுத்து, காலை நீட்டிப் படுத்து, கடலைப் பார்த்தபடி கடலை கொறிக்க உத்தேசம்.

சரி, சிரிக்காதே. உறையைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். எந்தத் தொழிலதிபருக்கும் இவ்வளவு கோணல் கையெழுத்து இருக்காது. நான்தான், உன் ஒரே தங்கை.

விஷயம் இதுதான் அண்ணா. ஆகஸ்ட் கடைசியில் அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட். ஊரையே பஸ்ஸில் ஏற்றி இறக்கிய மனிதர், தான் பயணியாக உட்கார்ந்து எங்கேயும் போனதே இல்லை. அம்மா சொல்லிவிட்டாள்: "மோதிரமும் வேணாம், கடிகாரமும் வேணாம். பெரியவன் படகுல மூணு நாள் எல்லாரும் போய்ட்டு வருவோம்." சீசன் முடிந்ததும் வேலைக்காரர்களின் குடும்பத்துக்கு உன் முதலாளி குறைந்த வாடகைக்குப் படகு தருவார் என்று போனில் உளறியது நீதான். இனித் தப்பிக்க முடியாது.

அப்பா என்ன சொன்னார் என்று நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாங்கிக்கொடுத்த டிப்போ வேலையை உதறிவிட்டு நீ கடலுக்குப் போன நாளிலிருந்து இந்த மூன்று வருஷமும், உன் பேச்சு வந்தாலே வாய்க்கு பிரேக் போட்டுவிடுகிறார். நீயும் லேசுப்பட்டவன் இல்லை. அவர் ஓட்டிய பஸ்ஸிலேயே ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்து ஊரைவிட்டுப் போனாய். அவர் தலைக்கு மேலே 'வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்று பலகை. இரண்டு பேரும் எவ்வளவு ஒழுக்கமான பிள்ளைகள்! அந்தப் பலகை இன்னும் நம் கூடத்தில் மாட்டியிருக்கிற மாதிரியே இருக்கிறது.

அவர் படகில் ஏறுவாரா, மாட்டாரா? எனக்கு வேண்டியது அவர் ஏறுவது. வேறு எதுவும் வேண்டாம். இத்தனை நாள் நச்சரித்துக் கேட்ட சைக்கிள்கூட வேண்டாம்.

ஏன் கடிதம் என்கிறாயா? போனில் நீ "ம்", "சரி", "அம்மாகிட்ட குடு" என்கிறாய். கடிதம் என்றால் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கலாம். கேட்கப் பிடிக்காதவர்கள் காதிலும் விழும். புரிந்ததா, மக்கு கேப்டன்? படகு எடுக்குமுன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ எல்லாம் எழுது. உரக்க வாசிக்கிற மாதிரி எழுது.

இப்படிக்கு,
மில்லும் இல்லாத, லாரியும் இல்லாத
அறுந்தவால்


பிப்ரவரி 21

அன்புள்ள அறுந்தவாலுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி? உன் கணக்குப் பாடம் எப்படி? இரண்டுமே மேலே ஏறாது என்று தெரியும், ஒரு மரியாதைக்குக் கேட்கிறேன்.

ஆட்களோடு படகு எடுத்தால் உங்களுக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம். நான் ஓட்டுவேன். சமையலுக்கு ஓர் அக்கா இருக்கிறார். பாய் ஏற்றி இறக்க ஒரு தம்பி. ஆனால் பணம் கொடுக்குமுன் சிலதைக் கேட்க வேண்டும். சாப்பாடு, எரிபொருள், துறைமுகக் கட்டணம் எல்லாம் வாடகைக்குள் அடக்கமா, தனியா? படகுக்குக் காப்பீடு உண்டா? ஓட்டுகிறவனிடம் லைசென்ஸ் உண்டா? என்னிடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம்.

நீங்களும் எங்களுக்குச் சிலதைச் சொல்ல வேண்டும். யார் எதைச் சாப்பிட மாட்டார்கள், யார் என்ன மாத்திரை போடுகிறார்கள், யாருக்கு நீச்சல் தெரியாது. கரையை விட்டபின் கடை கிடையாது. நல்ல தண்ணீர் ஒரு தொட்டிதான். குளிக்கும்போது நீ பாடுகிற பாட்டில் பல்லவியோடு நிறுத்த வேண்டியிருக்கும்.

வேறென்ன? அந்தப் பழைய வண்டி எப்படி ஓடுகிறது? இரண்டாவது கியருக்கு முரண்டு பிடிக்குமே, இன்னும் அப்படித்தானா?

அம்மாவிடம் வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 8

லைசென்ஸ் பெற்ற அண்ணனுக்கு,

வீட்டில் அனைவரும் நலம், என் கணக்கு தவிர.

உன் கடிதத்தை மேடைப் பேச்சு மாதிரி வாசித்தேன். அப்பா மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று இறக்கையில் ஒன்றை மட்டுமே கடிதம் முடிகிறவரை துடைத்தார். லைசென்ஸ் என்ற இடம் வந்ததும் துணி நின்றது. நான் வேண்டுமென்றே அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தேன்.

முடித்ததும் எதிர்ச் சுவரைப் பார்த்து, "பிரேக் இருக்கா அதுக்கு?" என்றார்.

அம்மா, "யாரைக் கேக்குறீங்க?"

"சுவத்தைக் கேட்டேன்."

"சுவத்துக்கு என்ன தெரியும்? புள்ளைக்கு எழுதிக் கேக்கச் சொல்லட்டா?"

"நான் யாரையும் கேக்கல."

சுவருக்குக் காது உண்டு என்பார்கள். நம் வீட்டுச் சுவருக்கு வாயே முளைத்துவிட்டது. ஆகையால் இனி வரும் கேள்விகள் எல்லாம் சுவர் கேட்பவை. அவருடைய வேதவாக்குத்தான் உனக்குத் தெரியுமே: "எவன் வேணா ஓட்டுவான். நிறுத்தத் தெரிஞ்சவன்தான் டிரைவர்." சுவரும் அதே கட்சி போலிருக்கிறது. பதில் எழுது.

நீ விசாரித்த பழைய வண்டிக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். வண்டி டாக்டரைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டது. முன்பக்கம் பெயின்ட் உதிர்ந்து பளபளவென்று வழுக்கை. ஹாரன் மட்டும் கணீரென்று இருக்கிறது. என் மார்க் ஷீட்டைப் பார்த்ததும் தெருவுக்கே கேட்டது.

சுவரின் செயலாளர்,
அறுந்தவால்


மார்ச் 27

மதிப்பிற்குரிய சுவருக்கு,

பூசின சுண்ணாம்பு உதிராமல் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

படகுக்கு பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் படகின் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்ப வேண்டும். பாய் காற்றைப் பிடிக்காமல் படபடக்கும், வேகம் தானாகச் செத்துவிடும். பாயைச் சுருட்டிவிட்டு நங்கூரம் இறக்குவோம். இறக்கினால் மட்டும் போதாது. எஞ்சினில் மெல்லப் பின்னால் இழுத்து, அடியில் மண்ணைக் கவ்வியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பிறகு கரையில் ஒரு மரம், ஒரு பாறை என்று அடையாளம் வைத்துக்கொண்டு, அவை இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாறினால் படகு நழுவுகிறது என்று அர்த்தம்.

ஓட்டுவதைவிட நிறுத்துவதில்தான் நான் அதிகம் மெனக்கெடுவேன். இதை நான் படகில் கற்றுக்கொள்ளவில்லை.

அறுந்தவாலே, உனக்கு: கெட்டியான பெட்டி எதுவும் கொண்டு வரக் கூடாது. படகில் பெட்டி வைக்க இடமே இல்லை. மடித்துச் செருகக்கூடிய துணிப்பைதான். மேல்தளத்தில் வெறுங்காலோடு நடக்கலாம், இல்லையென்றால் வெள்ளை ரப்பர் அடி போட்ட காலணி. காற்று நன்றாக அடித்தால் படகு ஒரு பக்கம் சாயும். அது கவிழ்வதல்ல, ஓடுவதே அப்படித்தான். அம்மா கத்தாமல் இருக்க இப்போதே சொல்லிவை.

வண்டிக்கு உப்பு குறைத்துச் சமைக்கும்படி சமையல் அக்காவிடம் சொல்லிவிட்டேன். வண்டி வந்தாலும், வராவிட்டாலும்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் நங்கூரமும் நலம்தானே?

சுவர் இப்போது அருவி மாதிரி கொட்டுகிறது. பின்னால் வருவதைப் பார்க்கக் கண்ணாடி உண்டா? ஹாரன் உண்டா? எவ்வளவு பாரம் ஏற்றலாம்? ஓட்டுகிறவன் எவ்வளவு நேரம் தூங்குகிறான்? (இந்தக் கடைசிக் கேள்வியைச் சுவர் ரொம்ப மெதுவாகக் கேட்டது. நான் காது கேட்காத மாதிரி நடித்து, இரண்டு தடவை கேட்க வைத்தேன்.)

துணிப்பை விஷயத்தில்தான் தகராறு. கட்டிலுக்கு அடியில் இருக்கிற இரும்புப் பெட்டி இல்லாமல் அப்பா எங்கேயும் வரமாட்டாராம்.

"வர்றதா இருந்தா பெட்டியோடதான் வருவேன்."

"அப்ப வர்றீங்களா?" என்றேன்.

"வர்றேன்னு யாரு சொன்னா?"

ஒரே மூச்சில், அண்ணா! இடது இண்டிகேட்டர் போட்டு வலது பக்கம் திரும்புகிறார். மற்றவர்கள் இப்படித் திரும்பினால் அபராதம் கட்ட வைப்பார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. இதற்காக டீ டம்ளரைக் கீழே வைத்தார். "வாடகை குடுத்தவன் 'போ'ன்னா, இவன் போய்த்தான் ஆகணுமா?"

சுவர் காத்திருக்கிறது.

அறுந்தவால்


மே 3

மதிப்பிற்குரிய சுவருக்கு,

வணக்கம். கண்ணாடி இல்லை, கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான். ஹாரன் உண்டு. வலது பக்கம் திரும்பினால் ஒரு குட்டைச் சத்தம், இடது பக்கம் என்றால் இரண்டு. தூக்கம் போதுமான அளவு கிடைக்கிறது.

கடைசிக் கேள்விக்குப் பதில்: போக வேண்டியதில்லை. வாடகை எடுப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதே இதுதான். எங்கே போகலாம் என்று அவர்கள் ஆசைப்படலாம். போகலாமா என்பதைக் காற்றைப் பார்த்துக் கேப்டன்தான் சொல்வான். போன சீசனில் பக்கத்துத் தீவுக்குப் போயே தீர வேண்டும் என்று ஒருவர் குதித்தார். பணத்தைத் திரும்பக் கேட்டார், என்னைக் கோழை என்றார். வானம் சரியில்லை, கரையில் கட்டிய கயிற்றை நான் அவிழ்க்கவில்லை.

அன்றைக்கு எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நான் ஏழாவது படிக்கும்போது ஒரு மழை நாளில் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. டிரைவர் வண்டியை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வண்டி முழுக்க அவரைத் திட்டியது. ஒருவர் சட்டையைப் பிடித்தார். அவர் ஸ்டியரிங் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அந்தக் கை நடுங்கியது எனக்கு மட்டும் தெரிந்தது. நடுங்கினாலும் சாவியை எடுக்கவில்லை.

கயிற்றை அவிழ்க்காமல் நின்றபோது என் கையும் நடுங்கியது. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கும் உனக்கும் என் அன்பு.

அண்ணன்


மே 20

அண்ணா,

எல்லோரும் நலம்.

உன் கடிதத்தை முழுசாக வாசித்தேன். பாலம் வந்ததும் நானும் வேகத்தைக் குறைத்து வாசித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அப்பா நாற்காலியில் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இருட்டினபின் வந்தார், சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

அதற்கப்புறம் சுவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்கிறேன். அவருடைய செருப்பில் ரப்பர் தவளை வைத்தேன். எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனார். திட்டக்கூட இல்லை.

ஏதாவது கெட்டுப்போய்விட்டதா அண்ணா? உடனே பதில் போடு.

தங்கை


ஜூலை 2

அன்பில்லாத அண்ணனுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் மட்டும் பதிலா போடப் போகிறாய்? என் கடிதம் உனக்குக் கிடைத்திருக்கிறது, அம்மா போனில் கேட்டுவிட்டாள். "படிச்சேம்மா, வேலை" என்றாயாம். சுவர் கேள்வி கேட்கவில்லை என்றால் செயலாளருக்குப் பதில் கிடையாதா?

இப்போது மூச்சு விடாமல் படி.

இரண்டு வாரமாக அப்பா லீவு நாளில் கேட்டருகே நிற்கிறார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாராம். நேற்றைய மழையிலும் ஊற்றினார். தபால்காரர் வந்ததும், "கடல் பக்கத்து லெட்டர் ஏதாச்சும் இருக்கா?" என்றார். என் காதால் கேட்டேன். சுவரிடம் அல்ல, தபால்காரரிடம், முகத்தைப் பார்த்து.

இன்று காலை அவருடைய இரும்புப் பெட்டிக்குள் ரப்பர் பல்லி வைக்கலாம் என்று திறந்தேன். (நாட்டில் ஒருவராவது கடமையைச் செய்ய வேண்டும்.) உள்ளே ஒரு புதுத் துணிப்பை. அதற்குள் இரண்டு சட்டை, ரத்த அழுத்த மாத்திரை, வெள்ளை ரப்பர் அடி போட்ட காலணி. காலணியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

அப்போதுதான் மண்டையில் பல்ப் எரிந்தது. பாலம் வாசித்த அன்று இருட்டில் திரும்பி வந்தாரே, அவர் கக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. நான் பார்த்தேன். முகத்தைத்தான் பெரிதாக நினைத்தேன், பொட்டலத்தை எழுதாமல் விட்டுவிட்டேன். கோபித்துக்கொண்டு போனார் என்று நீயும் நினைத்திருப்பாய். கோபமில்லை அண்ணா. கடைக்குப் போயிருக்கிறார்!

கையில் பையோடு திரும்பினால் வாசலில் அப்பா. பல்லி ஒரு கையில், பை ஒரு கையில். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"அவனுக்கு ஒண்ணு கேட்டு எழுது" என்றார்.

"யார் கேட்டதா எழுத? சுவரா?"

பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நான்தான். படகு ஓடும்போது ஓட்டுறவன்கிட்ட பேசலாமான்னு கேளு."

அண்ணா, இதற்கும் பதில் போடாவிட்டால் நான் நீந்தியே வந்து உன்னைக் கடிப்பேன். எனக்கு நீச்சல் தெரியாது. அந்தப் பாவமும் உன்னையே சேரும்.

அறுந்தவால்


ஜூலை 15

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நலம். தங்களின் நலமறிய ஆவல்.

பேசலாம்.

ஊரைவிட்டுப் போன அன்று பஸ்ஸில் டிக்கெட் எடுக்கக் காசை நீட்டினேன். கண்டக்டர் வாங்கவில்லை. "டிரைவர் எடுத்துட்டார்" என்றார். துறைமுகத்தில் இறங்கி, உங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றேன். நீங்கள் நேரே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பேசக் கூடாது என்ற பலகையை நினைத்துக்கொண்டு நடந்துவிட்டேன். ஆனால் அப்போது வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

செப்டம்பர் இரண்டாம் வாரம் படகு தயாராக இருக்கும். பெட்டி வேண்டுமென்றால் பெட்டியோடு வாருங்கள், என் கட்டிலுக்கு அடியில் இடம் செய்கிறேன்.

உங்கள் மகன்

பி.கு. அறுந்தவாலே, நீ கடிக்க வேண்டாம். நாய்க்கடி ஊசி இங்கே கிடைக்காது.


செப்டம்பர் 24

அன்புள்ள கேப்டன் அண்ணனுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். தரை இன்னும் ஆடுகிறது. அம்மா சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அவள் மயங்கியது அலையில் இல்லை, தன் கையால் சமைக்காமல் மூன்று நாள் சாப்பிட்டதில்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். முதல் நாள் நான் உன் படகையே மூழ்கடித்திருப்பேன், அவ்வளவு ஆத்திரம். "பேசலாம்" என்று நீ எழுதியதைத் தினமும் மடித்துப் பிரித்துப் படித்தவர், படகில் ஏறியதும் கடைசி மூலையில் போய் உட்கார்ந்தார். அடி மட்டும் வெளுப்பான புதுக் காலணி. மடியில் துணிப்பை. நீ சக்கரத்தைப் பிடித்து நிற்கிறாய், அவர் உன் கையையே பார்க்கிறார். பாய் ஏறியது, படகு சாய்ந்தது, அம்மா கத்தினாள். அப்பா வாயைத் திறக்கவில்லை. நீ இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாய். மூன்றாவது தடவை திரும்பவில்லை. உன் முதுகைப் பார்த்தபோது எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. எனக்கே!

அப்புறம் அந்தக் குட்டை மரம் இருக்கிற வளைவில் படகைக் காற்றுக்குத் திருப்பினாய். பாய் படபடத்து அடங்கியது. நங்கூரம் இறங்கியது. மெல்லப் பின்னால் இழுத்தாய். மரத்தைப் பார்த்தாய், பாறையைப் பார்த்தாய், எஞ்சினை அணைத்தாய்.

மூலையிலிருந்து குரல் வந்தது. "வண்டி நின்னாச்சா?"

"நின்னாச்சுப்பா."

எழுந்து வந்தாரே! உன் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தவர், அம்மா தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைக்கிறவரை நிறுத்தவில்லை. கியரில்லாமல் எப்படிடா, அந்தக் கயிறு எதுக்குடா, ஏன்டா இப்படி இளைச்சுப் போனே. மூன்று வருஷத்து ஸ்டாப்பிங் எல்லாம் ஒரே மூச்சில். அனுமதி கொடுத்தாலும் வண்டி ஓடும்போது பேச மாட்டாராம், டிரைவருக்குக் கவனம் சிதறுமாம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு அரை நாள் ஆத்திரம் மிச்சமாகியிருக்கும்.

சுவருக்கும் ரிட்டயர்மென்ட் கொடுத்துவிட்டோம். உன் லைசென்ஸின் நகலைக் கண்ணாடி போட்டு அதே சுவரில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லோரும் அதைப் படித்த பிறகுதான் டீ.

கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்கிறார். விட்டிருக்கிறேன். எட்டிப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அந்தச் சத்தியத்தின் ஆயுள் உனக்குத் தெரியும்.

வேலையிழந்த செயலாளர்,
அறுந்தவால்


மகனுக்கு,

நலம். உப்பு குறைத்துச் சாப்பிடுகிறேன்.

அங்கே இரண்டு நாளும் விடிந்ததும் முதல் வேலையாக மேலே வந்து கரையைப் பார்த்தேன். அந்த மரம் முந்தின நாள் இருந்த இடத்திலேயே இருந்தது. பாறையும்.

நன்றாக நிறுத்துகிறாய்.

அப்பா